ஏழாம் நம்பர் மேல் அறுபத்து மூன்று புகார்கள்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும். அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது இரண்டாவது மாடியிலேயே கரண்டி விழும் சத்தம் கேட்டது. எங்கள் வீடு நான்காவது மாடி. மீதி இரண்டு மாடியையும், காலையிலிருந்து நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டே ஏறினேன்.

"என்னக்கா, யார் மேல?" என்றேன், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

"யார் மேலயும் இல்ல, என் மேலதான். இன்னிக்கு ஆபீசுக்கு ஒரு டிரைவர் வந்தார்டா. ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுறவர். எதிர்ல வந்து நின்னு, 'நான் உங்களுக்கு என்னம்மா பாவம் பண்ணேன்'னு கேட்டார். குரல் உடைஞ்சுபோச்சு மனுஷனுக்கு."

அக்கா பதினைந்து வருஷம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவள். சாட்சி இருமினால் அந்த இருமலைத் தவிர மீதி எல்லாம் அவள் தாளில் இருக்கும் என்று வக்கீல்கள் சொல்வார்கள். பிறகு கண்ணில் வந்த நோய் ஒரே வருஷத்தில் பார்வையைத் துடைத்து எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் வீட்டில் இருந்தாள். நாலு சுவர், ஒரு வானொலி, நான் வரும் சத்தம். அந்த ஐந்து வருஷத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

பேருந்து நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் தற்காலிகம், அதன்பின் நிரந்தரம் அல்லது வீடு. பயணிகள் கைபேசியில் தட்டி அனுப்பும் புகார்களை ஆபீஸ் கணினியில் இருக்கும் வாசிப்பான் சத்தமாகப் படிக்கும். அக்கா அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, எந்த பஸ், எந்த நிறுத்தம், என்ன குறை என்று அட்டவணையில் ஏற்றுவாள். அவள் வைத்திருக்கும் வேகத்தில் நமக்கு ஒரு எழுத்தும் புரியாது. கடலையை வாணலியில் போட்ட மாதிரி இருக்கும்.

"அந்த ஆள் மேல அறுபத்து மூணு புகார்டா. நிறுத்தத்துல நிக்கல, மரியாதையாப் பேசல, கதவைத் திறக்கல. எல்லாம் நான் ஏத்தினதுதான். அவரை பஸ்ஸை விட்டு இறக்கி டிப்போவுல டயருக்குக் காத்துப் பாக்குற வேலை குடுத்துட்டாங்க. 'ஒரு புகார்ல குறிச்ச தேதியில நான் ஜுரத்துல வீட்ல படுத்திருந்தேன்மா, அந்த வழியில என் வண்டியைத் தவிர வேற வண்டியே இல்ல'ங்கிறார்."

"பொய் சொல்றார்க்கா. மாட்டுனவன் எல்லாரும் அன்னிக்கு ஜுரம்னுதான் சொல்வான்."

"கோர்ட்டுல எத்தனை பேர் பொய்யைக் கேட்டவ நான். இது பொய் இல்ல."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கடைக்குப் போனவன் முட்டைக்காரரிடம் நின்றுகொண்டு அக்காவுக்கு ஒரு செய்தி தட்டினேன். பதில் வந்தது: "ஏழு எதுக்கு? பத்து வாங்கு." ஏழு என்று யார் சொன்னது? பத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சண்டையை ஆரம்பித்தேன்.

"ஏழு முட்டைன்னு நான் எப்பக்கா சொன்னேன்? எத்தனைன்னுதானே கேட்டேன்?"

"நீதான்டா ஏழுன்னு அனுப்புன. நீ எப்பவும் அப்படித்தானே, நடுவுல நடுவுல ஏழு போடுவ. ஏதோ உங்க கம்பெனி தமாஷ்னு நினைச்சுக்கிட்டேன்."

கைபேசியை எடுத்து என் செய்தியைத் திரும்பப் படிக்க விட்டாள். ஆபீசில் இருக்கும் அதே வாசிப்பான்தான் அதிலும். எனக்காக வேகத்தைக் குறைத்தாள். அந்த மிஷின் பெண் ரொம்ப நிதானமாகச் சொன்னாள்: "ஏழு. த்தனை முட்டை வாங்கணும்."

என் கைபேசியை எடுத்து நான் தட்டியதைப் பார்த்தேன். "௭த்தனை முட்டை வாங்கணும்?" என்றுதான் இருந்தது. கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது எகரம் இல்லை. தமிழில் ஏழு என்ற எண்ணுக்குப் பழைய குறி ஒன்று உண்டு. பார்க்க அச்சு அசல் எகரம் மாதிரியே இருக்கும், கணினிக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு. என் விசைப்பலகையில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இத்தனை வருஷமாக நான் தம்பியைத் தொட்டுவிட்டு அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதில் நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் வேறு. காய்கறிக் கடைத் தராசு எத்தனை கிலோ என்று காட்டுகிறதே, அதற்குள் இருப்பது என் கம்பெனி நிரல். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால் அக்கா சிரிக்கவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய். புகார்ல ஜனங்க எப்படி எழுதுவாங்க தெரியுமா? பேருந்து எண் பன்னிரண்டு, பேருந்து எண் நாப்பத்தொண்ணு..."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. உன்னைப் போல், என்னைப் போல் ஒருவன் 'பேருந்து ௭ண் 12' என்று தட்டியிருந்தால் அவள் காதில் 'பேருந்து ஏழு, பன்னிரண்டு' என்றுதான் விழும். அந்தக் கடலை வறுக்கும் வேகத்தில் நடுவில் நிற்கும் 'ண்' காணாமலே போய்விடும். வாக்கியத்தின் வேறு இடத்தில் ஏழு வந்தால் மிஷின் உளறுகிறது என்று அவள் தாண்டிவிடுவாள். பேருந்துக்குப் பின்னால் ஏழு வந்தால் உளறல் என்று யாருக்குத் தோன்றும்? ஏழாம் நம்பர் என்று நிஜமாகவே ஒரு பஸ் ஓடுகிறதே! பன்னிரண்டையும் நாற்பத்தொன்றையும் வண்டியின் வரிசை எண் என்று பக்கத்துக் கட்டத்தில் போட்டிருக்கிறாள். அந்தக் கட்டத்தை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை அக்கா பக்கத்து இருக்கைப் பெண்ணை உட்காரவைத்து அறுபத்து மூன்று புகாரையும் கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னாள். உண்மையில் ஏழாம் நம்பர் மேல் வந்தவை நான்கு.

"நாலு இருக்குல்ல, அவரும் ஒண்ணும் சாமியார் இல்ல" என்றேன். அக்கா பாத்திரத்தைப் பேசவிட்டாள்.

திருத்தம் சின்ன வேலை. அந்த வாசிப்பான் கட்டற்ற மென்பொருள். அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அனுப்பினால் பார்த்துக்கொள்ளும் நாலைந்து பேர் சரிபார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஏழின் குறியைக் கண்டால் எகரம் என்று படி, அவ்வளவுதானே? சாப்பாடு ஆறுவதற்குள் எழுதி என் கணினியில் ஓட்டிக் காட்டிவிட்டேன். "எத்தனை முட்டை" என்றது மிஷின். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"சரி, இதை என் ஆபீஸ்ல எப்படிப் போடுவ?" என்றாள் அக்கா.

அங்கேதான் இடித்தது. அவள் ஆபீசின் கணினிப் பிரிவு முறையாக வெளியான பதிப்பைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாது. தம்பி வீட்டில் எழுதினான் என்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். திருத்தம் அந்த வாசிப்பானுக்குள்ளேயே போய், அடுத்த வெளியீட்டில் வந்தால்தான் உண்டு. தற்காலிகக் காலம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அன்று மூன்றாம் தேதி.

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. வாசிப்பானைப் பார்த்துக்கொள்பவர்களின் இணையப் பொதுப் பலகையில் போய், "உங்கள் மென்பொருளுக்குத் தமிழ் தெரியவில்லை. ஒரு குடும்பத்தின் வாழ்க்கையோடு விளையாடுகிறீர்கள். உடனே சரிசெய்யுங்கள்" என்று போட்டுத் தாக்கினேன். நாலு ஆச்சரியக்குறி. படத்துக்குப் பதில் ஓர் ஆந்தையை வைத்திருந்த ஒருவர் பதில் எழுதினார். அவர் எந்த நாட்டுக்காரரோ, ஆணோ பெண்ணோ, இன்றுவரை தெரியாது. எங்களுக்கு அவர் ஆந்தை.

சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று தொடங்கி ஆந்தை மூன்றே கேள்வி கேட்டது. எந்த எழுத்தைக் கொடுத்தீர்கள்? என்ன கேட்டது? என்ன கேட்டிருக்க வேண்டும்? கடைசியில், பங்களிக்க விரும்புவோருக்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம், நேரமிருந்தால் படியுங்கள் என்று இருந்தது. அந்த 'நேரமிருந்தால்' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"படிச்சியா?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் சின்னப் பசங்களுக்குக்கா. நான் பதினாலு வருஷமா நிரல் எழுதுறேன்."

அவளே அந்தப் பக்கத்தைத் திறந்து வாசிப்பானைப் படிக்க விட்டாள். நான் குறை சொன்ன அதே மிஷின் பெண், என் வீட்டு மேஜையிலேயே வைத்து எனக்கு ஒழுக்கம் சொன்னாள். இதே குறையை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று முதலில் தேடு. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் அனுப்பு. மாற்றத்தோடு சோதனையும் அனுப்பு, உண்மையான வாக்கியங்களோடு. எதிரில் இருப்பவரும் மனிதர், தன் சொந்த நேரத்தில் இதைச் செய்கிறார். கடைசி வரி வந்தபோது அக்கா வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினாள்.

சோதனை என்றால் வேறொன்றும் இல்லை. இந்த வாக்கியத்தைக் கொடுத்தால் இப்படிப் படிக்க வேண்டும் என்று எழுதி வைப்பது. நாளைக்கு வேறு ஒருவர் கை வைத்து நம் திருத்தம் கெட்டுப்போனால் அது உடனே கத்தி ஊரைக் கூட்டும். அதற்கு உண்மையான வாக்கியம் வேண்டும், அது யார் காதில் எப்படி விழுந்தது என்றும் சொல்ல வேண்டும். எல்லாம் பொதுப் பலகையில். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவள் ஆபீஸ் உட்பட.

"முட்டையைப் போட்டுடறேன்க்கா" என்றேன். "உன் ஆபீஸ் பேச்சே வேண்டாம். திருத்தம் வரட்டும், அந்த டிரைவர் பேரைச் சத்தமில்லாம சரி பண்ணிடலாம். முப்பதாம் தேதி தாண்டட்டும். வேலியில போற ஓணானைப் பிடிச்சு யாராவது வேட்டிக்குள்ள விட்டுக்குவாங்களா?"

"அதுவரைக்கும் அவர் டயருக்குக் காத்துப் பாத்துக்கிட்டு நிக்கணும், அப்படித்தானே?"

"உன் வேலை போயிடும்க்கா!" கத்திவிட்டேன். அடுத்த வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. "மறுபடியும் இந்த வீட்டுக்குள்ளயே உக்காரப் போறியா? நான் வர்ற சத்தத்துக்குக் காத்துக்கிட்டு? என்னால அதைப் பாக்க முடியாது."

அக்கா கையை நீட்டி என் தலையைத் தேடிப் பிடித்தாள்.

"எனக்கும் பயம்தான்டா. ஆனா அந்த அட்டவணையில என் கை இருக்கு. நான் ஏத்தினது பொய்யின்னு தெரிஞ்சும் நாளைக்குப் போய் அதே நாற்காலியில உக்காந்து அறுபத்து நாலாவதை எப்படி ஏத்துவேன்?"

அவளோடு வாதாடி ஜெயித்தவன் இந்தக் குடும்பத்தில் இன்னும் பிறக்கவில்லை.

மறுநாள் அவள் கண்காணிப்பாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். புகார் வாக்கியங்களைப் பெயர் நீக்கி வெளியே காட்ட அனுமதியும் கேட்டாள். அந்த மனிதர் கேட்டுவிட்டு, "பாக்கலாம்" என்றாராம். இரண்டு நாள் கழித்து அனுமதி வந்தது. கூடவே, பத்தொன்பதாம் தேதி விசாரணை, நிரல் எழுதும் அந்தத் தம்பியையும் அழைத்து வரவும் என்று ஓர் உத்தரவும் வந்தது.

அன்றைக்கே அக்கா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ஆந்தையின் மூன்று கேள்விக்கும் தன் கையால் பதில் தட்டினாள்.

"நான் பார்வையில்லாதவள். பேருந்துப் புகார்களைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலை பார்க்கிறேன். வந்த எழுத்து: பேருந்து ௭ண் 12. நான் கேட்டது: பேருந்து ஏழு, பன்னிரண்டு. கேட்டிருக்க வேண்டியது: பேருந்து எண் பன்னிரண்டு. இப்படி ஐம்பத்தொன்பது முறை தவறாகப் பதிந்திருக்கிறேன். ஓர் ஓட்டுநர் தன் வண்டியை இழந்தார். எழுதியவர்களைத் திருத்திக்கொள்ளச் சொல்ல என்னால் முடியாது. அவர்கள் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார்கள்."

இவ்வளவு தெளிவான அறிக்கை இந்த வருஷம் எங்களுக்கு வந்ததில்லை என்று ஆந்தை எழுதியது. நான் முதலில் எழுதியதைப் பற்றிப் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை.

என் திருத்தத்தைப் பெருமையாக அனுப்பினேன். ஒரே நாளில் திரும்பி வந்தது. திருப்பியவர் ஆந்தை இல்லை, பழைய ஓலைகளையும் கல்வெட்டுகளையும் கணினியில் ஏற்றும் ஒருவர். "தம்பி, உங்கள் திருத்தம் என் வேலையைக் கெடுக்கிறது. ௧௭ என்பது பதினேழு. உங்கள் கைங்கரியத்தில் அது 'ஒன்று எ' என்று கேட்கிறது. ௭ஆம் பாகம் என்பது 'எஆம் பாகம்' ஆகிவிட்டது. எங்களுக்கு ஏழு வேண்டும்."

"ஊர்ல எத்தனை பேருக்குக் கல்வெட்டு வேணும்? ஆயிரத்துல ஒருத்தன்!" என்று பொங்கிப் பதில் தட்ட ஆரம்பித்தேன்.

"அவர் சொல்றது சரிதானேடா" என்றாள் அக்கா. "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? எழுதாத. அழி."

அழித்தேன். பிறகு நாற்காலியில் சப்பணமிட்டு உட்கார்ந்து யோசித்தவள் அவள்தான். எனக்கு நிரல் தெரியும், அவளுக்குத் தமிழ் தெரியும்.

"எகரம் சொல்லோட நடுவுல வராதுடா, ஆரம்பத்துல மட்டும்தான். முன்னாடி இன்னொரு எண் நின்னா இதுவும் எண். தனியா நின்னா எண். எகரத்தை ஒட்டி உயிரெழுத்து வராது, அதனால பின்னாடி 'ஆம்', 'ஆவது' வந்தா எண். 'வது'ன்னு மட்டும் வந்தாலும் எண்தான். மத்தபடி சொல்லோட தொடக்கத்துல நின்னு, பின்னாடி மெய்யோ உயிர்மெய்யோ வந்தா எழுத்து."

நான் அதை நிரலாக்கினேன். கல்வெட்டுக்காரர் '௭க்கு', '௭ல்' என்று இன்னும் சிலவற்றைக் கிளப்பினார். அவற்றுக்கு அக்கா வேற்றுமை உருபுகளின் பட்டியல் கொடுத்தாள். நாற்பது சோதனை வாக்கியங்கள் சேர்ந்தன, இருபது எங்களுடையவை, இருபது அவருடையவை. நாலாவது முறை அனுப்பியபோது கல்வெட்டுக்காரர், "அக்காவுக்கு என் வணக்கம். தம்பிக்கும்தான்" என்று எழுதி ஒப்புதல் போட்டார். பதினெட்டாம் தேதி ஆந்தை அதைச் சேர்த்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினாலு வருஷம் தராசுக்கு எழுதிய நிரலைப் பார்த்து யாரும் எனக்கு வணக்கம் சொன்னதில்லை.

ஆனால் அடுத்த வெளியீடு இன்னும் ஆறு வாரம் கழித்துதான்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே கண்காணிப்பாளர், பக்கத்தில் கணினிப் பிரிவு ஆள், சுவரோரம் ஏழாம் நம்பர். நான் நினைத்ததைவிட ஓட்டுநர் குள்ளம், கையெல்லாம் டயர் கறுப்பு.

"மிஷின் மேல பழியைப் போடறது ரொம்ப சுலபம்" என்று ஆரம்பித்தார் கண்காணிப்பாளர். "எகரத்துக்குப் பதிலா ஏழு போடறாங்களாம். எழுத்தறிவு இல்லாத யாரோ நாலு பேர் வேணும்னா போடலாம். படிச்சவன் எவன்மா அப்படி எழுதுவான்?"

படித்தவனான நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டேன்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறீங்களா?" அக்கா கைபேசியை எடுத்து மேஜையில் வைத்தாள். "என்னைக் கூப்பிட்டு நீங்க அனுப்பின உத்தரவு சார் இது."

மிஷின் பெண் நிதானமாகப் படித்தாள். "ஏழு. ழுத்து மூலம் விளக்கம் தரவும். ஏழு. ந்தச் சாக்கும் ஏற்கப்படாது."

முதலில் சிரித்தது ஏழாம் நம்பர். வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. கணினிப் பிரிவு ஆள் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கண்காணிப்பாளர் தன் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய், தள்ளி வைத்து, மறுபடி கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். உத்தரவுகளை அவர் கைபேசியிலேயே தட்டுவது வழக்கம்.

"அப்ப நான் ஏழுன்னா எழுதியிருக்கேன்?"

"ஆமா சார். நீங்களும் எழுதறீங்க, பாதி ஊரும் எழுதுது. என் தம்பியும்தான்."

அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஓட்டுநரைப் பார்த்து, நாளை முதல் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா பக்கம் திரும்பியபோது குரல் இளகவில்லை.

"நீ வந்து சொன்னது நல்லதும்மா, நான் இல்லேங்கல. ஆனா தப்பாக் கேக்குற மிஷினை வெச்சுக்கிட்டு உன்னை நிரந்தரம் பண்ணி, நாளைக்கு இன்னொருத்தரை இறக்கினா மேல யார் பதில் சொல்றது? முப்பதாம் தேதிக்குள்ள சரியான மிஷின் இந்த ஆபீஸுக்கு வரட்டும். வரலைன்னா என்னால முடியாது."

"சார்" என்றார் சுவரோரம் நின்ற ஏழாம் நம்பர். "இவங்க சொல்லாம இருந்திருந்தா இதை யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. நானே அந்தப் புகார்ல பாதி உண்மையாத்தான் இருக்குமோன்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன். என் மேல நாளைக்குப் புகார் வந்தா, அதை இவங்கதான் எழுதணும்."

கண்காணிப்பாளர் கோப்பை மூடினார். விதி விதிதான் என்றார்.

அன்று மாலை ஆந்தைக்கு எழுத உட்கார்ந்தேன். இந்த முறை எனக்குக் கோபமே வரவில்லை. "என் அக்காவின் வேலை முப்பதாம் தேதியோடு முடிகிறது. இந்தத் திருத்தம் அதற்குள் ஒரு வெளியீட்டில் வந்தால் அந்த வேலை தங்கும். உங்களுக்கு இது கூடுதல் வேலை என்று தெரியும். நான் முதலில் எழுதியதற்கு மன்னிக்கவும். அந்தப் பக்கத்தை இப்போது படித்துவிட்டேன்." இவ்வளவுதான் எழுதினேன்.

இடைக்கால வெளியீடு ஒன்றை இருபத்தெட்டாம் தேதி விடலாம், ஆனால் அதோடு போகும் மற்ற பதினோரு திருத்தங்களையும் தமிழில் ஓட்டிப் பார்க்க ஆள் இல்லை என்று ஆந்தை பதில் எழுதியது. அதை அக்கா செய்தாள். ஒரு வாரம், ஆபீசிலிருந்து வந்து டீ குடித்த கையோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொன்னாள். ஒன்றில் மிஷின் லகரத்தையும் ளகரத்தையும் குழப்புவதைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். யார் எழுதிய திருத்தம் என்று பார்த்தால், ஆந்தை எழுதியது.

வெளியீடு சொன்ன நாளில் வந்தது. முப்பதாம் தேதி காலை கணினிப் பிரிவு ஆள் அக்காவின் கணினியில் அதை ஏற்றினார். நானும் விடுப்புப் போட்டுவிட்டு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

கண்காணிப்பாளர் தன் அறையிலிருந்து கைபேசியோடு வந்தார்.

"உங்க நாப்பது சோதனையை நான் நம்பறதா இல்ல. நானே ஒண்ணு தட்டறேன், என் விரலால, நான் எப்பவும் தட்டற மாதிரி. அதைக் கேட்டு அப்படியே எழுதும்மா. உன் தம்பி வாயைத் திறக்கக் கூடாது."

எனக்கு முதுகைக் காட்டி நின்று வெகுநேரம் தட்டினார். ஒற்றை விரல் மனிதர். அக்காவின் கணினியில் மணி ஒலித்தது. அவள் காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டாள். படிப்பது அவளுக்கு மட்டும்தான் கேட்கும். எனக்குத் தெரிந்தது அவள் விரல்களும் திரையும் மட்டும்தான்.

"இன்று முதல் நீங்கள்" என்று எழுதினாள்.

அவள் விரல்கள் ஒரு நொடி நின்றன. போச்சு, ஏழு என்று கேட்டிருக்கிறது, குழம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த சொல் திரையில் வந்தது. "எங்கள்." நல்ல எகரம், சுத்தமான எகரம். அதற்கடுத்த சொற்கள் மெதுவாக வந்தன, அவள் எப்போதும் தட்டும் வேகத்தில் இல்லை. "அலுவலகத்தின் நிரந்தர ஊழியர்"

அக்கா கையை எடுத்துவிட்டாள். காதுக்கருவியைக் கழற்றி, குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"சார், இது சோதனையா, உத்தரவா?"

"முற்றுப்புள்ளி வெச்சிருக்கேன்லம்மா" என்றார் கண்காணிப்பாளர். "மொதல்ல அதைப் போடு."

அக்கா புள்ளியைத் தேடினாள். பதினைந்து வருஷம் நீதிமன்றத்தில் தட்டிய விரலுக்கு அந்த ஒரு விசை அகப்படவே இல்லை. நான் குனிந்து அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். அவள் அழுத்தினாள்.